பங்குனியில் காஞ்சி

ராபர்ட்சன்பேட்டைத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு வடஆர்க்காடே பூர்விகம். அந்த மண்ணின் வழியாகவே காஞ்சிபுரப் பயணமும் அமைகிறது. மாரிக்குப்பம் தடத்து ரயிலில் பங்காரப்பேட்டை சென்று, சென்னை செல்லும் ரயிலில் அரக்கோணத்தில் இறங்கினால் காஞ்சி சுமார் 30 கி.மீ.தான்.

முத்தி தரும் ஏழு நகரங்களுள் தென்னாட்டில் உள்ளது இது ஒன்றே. வெயில் முதிராத பங்குனித் தொடக்கம் உகந்த காலம். மாமரத்தைத் தலமரமாகக் கொண்ட ஏகாம்பரநாதர் கோயிலின் பங்குனி உத்திரப் பெருவிழாவைக் காண விரும்புவோர் கூட்டத்திற்கும் ஆயத்தமாக வேண்டும்.

காலை முதற்பொழுதைக் கைலாசநாதர் கோயிலுக்கு ஒதுக்குங்கள். நண்பகலில் நடை சாத்திவிடுவர். சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முன் பல்லவன் ராஜசிம்மன் எழுப்பிய மணற்கல் கோயில் இது. பல்லவர் 642-இல் வாதாபியை அழித்தவர்கள். அடுத்த நூற்றாண்டில் காஞ்சியை வென்ற சாளுக்கியன் இரண்டாம் விக்கிரமாதித்தன் பழிதீர்க்க எண்ணியிருந்தால் வியப்பில்லை. அவனோ இக்கோயிலின் பெருஞ்செல்வத்தைக் கண்டு, அதனைக் கோயிலுக்கே திருப்பி அளித்தான்! அச்செய்தி இங்குள்ள தூண் ஒன்றில் கன்னடத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. பள்ளியில் கன்னடம் பயிலும் நம் பிள்ளைகளுக்கும் அப்பழைய எழுத்து எளிதில் பிடிபடாது. ஆயினும் அவசியம் காட்டுங்கள்.

அவன் அரசி லோகமகாதேவி பட்டடக்கல்லில் எழுப்பிய விருபாட்சர் கோயிலில் இக்கோயிலின் சாயலைக் காணலாம். அது மற்றொரு விடுமுறைக்கு.