மண்ணுளிப் பாம்பு

மண்ணுளிப் பாம்பு மண்ணுக்குள் புதைந்து வாழும் நஞ்சற்ற பாம்பு ஆகும். இருதலைப் பாம்பு என்றும் இதை அழைப்பர். இதன் அறிவியல் பெயர் எரிக்ஸ் ஜானி. தரங்கம்பாடியில் வாழ்ந்த ஜெர்மானிய மறைப்பணியாளர் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்பவரின் நினைவாக, 1801-இல் பேட்ரிக் ரஸ்ஸல் இப்பெயரைச் சூட்டினார். இந்தியா, பாகிஸ்தான், ஈரான் நாடுகளின் வறண்ட சமவெளிகளில் இது காணப்படுகிறது.

தோற்றம்

உடல் உருளையாகவும் வழவழப்பாகவும் செம்பழுப்பு அல்லது கரும்பழுப்பு நிறத்திலும் இருக்கும். ஏறக்குறைய ஒரு மீட்டர் வரை வளரும். மண்ணைத் தோண்ட வசதியாக மூக்கு ஆப்பு வடிவில் அமைந்துள்ளது. கண்கள் மிகச் சிறியவை. குட்டிகளின் உடலில், குறிப்பாக வாலில், கருவளையங்கள் தெரியும்.

இரண்டு தலை உண்டா?

இல்லை. இதன் வால் கூராக முடியாமல் தலையைப் போலவே மழுங்கி இருக்கும். ஆபத்து வந்தால் தலையை உடலுக்கடியில் மறைத்துக்கொண்டு வாலை உயர்த்தும். எதிரி வாலைத் தாக்கும், தலை தப்பிவிடும். ஆறு மாதம் ஒரு தலை, ஆறு மாதம் மறுதலை என்ற பேச்சு இதிலிருந்து பிறந்ததே.

உணவும் இனப்பெருக்கமும்

மணலில் பதுங்கியிருந்து எலிகளைப் பிடித்து, உடலால் சுற்றி இறுக்கிக் கொன்று விழுங்கும். எனவே இது உழவர்களின் நண்பன். முட்டையிடாமல் குட்டி ஈனும்.

விரியனிலிருந்து வேறுபாடு

இதன் உறவினமான மற்றொரு மண்ணுளியின் (எரிக்ஸ் கோனிகஸ்) உடலில் திட்டுகள் உண்டு. அதனால் அதையும் நச்சுள்ள கண்ணாடி விரியனையும் மாற்றி எண்ணுவோர் பலர். விரியனின் தலை முக்கோணமாக, கழுத்திலிருந்து பிரிந்து தெரியும். புள்ளிகள் சங்கிலிபோல் ஒழுங்காக இருக்கும். சீறல் பலமாக இருக்கும். மண்ணுளியின் திட்டுகள் ஒழுங்கற்றவை, வால் குட்டையானது. ஐயம் இருந்தால் எந்தப் பாம்பையும் தொடக்கூடாது. விலகி நின்று, வனத்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ தெரிவிக்க வேண்டும்.

தவறான நம்பிக்கைகள்

இப்பாம்பு நக்கினால் தொழுநோய் வரும் என்பது உண்மையன்று. அந்நோய் பாக்டீரியாவால் வருவது. இதை வைத்திருந்தால் செல்வம் சேரும், இதில் அரிய மருந்து உள்ளது என்பவையும் கட்டுக்கதைகளே. இக்கதைகளை நம்பிப் பல லட்சம் ரூபாய் பேரம் பேசி ஏமாந்தவர்கள் உண்டு. சிறைக்குச் சென்றவர்களும் உண்டு. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி இதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றமாகும்.

எதிரியை ஏமாற்ற இயற்கை தந்த வாலே மனிதரிடம் இதற்கு ஆபத்தாக முடிந்திருக்கிறது. உண்மையை அறிந்தவர்கள் வீட்டிலும் ஊரிலும் நான்கு பேருக்கு எடுத்துச் சொன்னால், இப்பாம்பு பிழைக்கும்.