மாட்டு உண்ணியும் குப்பியில் வளரும் உயிரணுக்களும்

கலப்பினப் பசு வளர்ப்போர் அஞ்சவேண்டிய வியாதிகளுள் தைலீரியா ஜுரம் ஒன்றாகும். கடும் ஜுரம், தோளுக்கு முன்னுள்ள நெறிக்கட்டி வீங்குதல், இரத்தம் குன்றுதல், பால் வற்றுதல் ஆகியவை இதன் குறிகள். ஹயலோமா என்னும் உண்ணி இதைப் பரப்புகிறது. நாட்டு மாடுகள் பெரும்பாலும் இதைத் தாங்கும். ஜெர்சி, பிரீஸியன் கலப்பினங்களோ தக்க சிகிச்சையின்றேல் மடிவதுண்டு.

இக்கிருமி உண்ணியின் உமிழ்நீர் வழியாக மாட்டினுட் புகுந்து இரத்தத்தின் வெள்ளணுவில் குடியேறுகிறது. அவ்வணு சாகாமல் ஓயாது பெருகத் தொடங்கும். அது இரண்டாகப் பிரியுந்தோறும் கிருமியும் உடன் பிரியும். மாட்டுக்குக் கேடான இக்குணமே ஆராய்ச்சிக்கு உதவியாயிற்று. அத்தகைய அணுக்களை எடுத்து, சத்து நீர் நிறைந்த குப்பியில் மாட்டுடலின் சூட்டிலே வைத்தால் அங்கும் பெருகும். கிருமியைக் குப்பியில் பெருக்கலாமென்பது 1945-ஆம் வருஷத்தில் பாலஸ்தீனத்தில் காட்டப்பட்டது.

குப்பிக்குக் குப்பி பன்முறை மாற்றி வளர்க்கையில் கிருமியின் கொடுமை தணிகிறது. அதை ஊசி வழியே செலுத்தினால் கடும் வியாதி வாராமலே மாட்டுக்கு எதிர்ப்புச் சக்தி உண்டாகிறது. இந்தியாவிலும் இவ்வாறு தடுப்பு மருந்து தயாரிக்கப்பட்டுள்ளது. இது உயிருள்ள அணுக்களாலானது. ஆகையால் திரவ நைட்ரஜனின் கடுங்குளிரில் காக்கப்பட்டு, உருக்கியவுடன் செலுத்தப்படவேண்டும். எனவே கிராம அதிகாரிகள் மாடுகளை முன்கூட்டியே கணக்கெடுத்து, குறித்த நாளில் ஓரிடத்தில் சேர்த்துவைத்தல் அவசியம். சினைப்பசுக்களுக்கு மிருக வைத்தியரின் யோசனையின்றிப் போடலாகாது.

உண்ணியின் அணுக்களையும் இவ்வாறு வளர்க்கலாம். 1975-ல் இங்கிலாந்தில் வர்மா முதலிய அறிஞர்கள் அவற்றை இடையறாது வளரச் செய்தனர். 1996-ல் அமெரிக்காவில், மாட்டின் சிவப்பணுக்களை அழிக்கும் அனப்பிளாஸ்மா கிருமி உண்ணி அணுக்களில் வளர்க்கப்பட்டது. கிருமியையும் மருந்தையும் சோதிக்க, உயிருள்ள மாட்டை நோய்க்கு ஆளாக்கும் தேவை இதனால் குறைகிறது.

எனினும், தடுப்பூசி உண்ணியைக் கொல்லாது. அவ்வேலை குடியானவருடையதே. இவ்வுண்ணி தொழுவத்துச் சுவர் வெடிப்புகளில் ஒளியும்; அவற்றைச் சாந்திட்டு அடைக்கவேண்டும். காதிலும், மடியிலும், வாலடியிலும் தினந்தோறும் பார்த்து உண்ணியை அகற்றவேண்டும். உண்ணி கடித்து இரண்டு மூன்று நாள் இரத்தங் குடித்த பின்னரே அதனுள் கிருமி முதிர்ந்து வெளிப்படும். ஆதலால் முதல் நாளிலேயே அகற்றுவோருக்குப் பெரும் நன்மையுண்டு. நெறி வீங்கி ஜுரங் கண்டால், மறுநாள் பார்க்கலாமென்று இராமல், அன்றே மிருக வைத்தியருக்குத் தெரிவிக்க.