மணல் தரையும் வெள்ளித் திரையும்

கைப்பேசிக்குள் திரைப்படம் பார்க்கும் இன்றைய மாணவ மாணவியர்க்கு 'டூரிங் டாக்கீஸ்' என்னும் பெயர் வியப்பளிக்கக் கூடும். ஊர் ஊராகச் சென்று, கொட்டகை போட்டுப் படம் காட்டிய நடமாடும் திரையரங்கே அது. 1970-களில் கோவை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் வளர்ந்த எனக்கு அது பொழுதுபோக்கிடம் மட்டுமன்று. மற்றொரு பள்ளிக்கூடமும் ஆகும்.

இக்கொட்டகைகளுக்கு முன்னோடி சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் ரயில்வேயில் வரைவாளராகப் பணியாற்றிய அவர், 1905-இல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படக்கருவியையும் படச் சுருள்களையும் வாங்கி, ஊர் ஊராகச் சென்று படம் காட்டினார். பின்னர் 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கையும் நிறுவினார்.

எங்கள் கொட்டகையில் பகற்காட்சி கிடையாது. கீற்றுக்கும் துணிக்கும் இடையே புகும் வெளிச்சம் படத்தை மங்கச் செய்துவிடும். ஆதலால் மாலையும் இரவுமாக இரண்டே காட்சிகள். ஒலிபெருக்கியில் பக்திப் பாடல் எழுந்ததும், டிக்கெட் கொடுக்கப் போகிறார்கள் என்று ஊர் முழுதும் அறிந்துகொள்ளும். பெஞ்சு டிக்கெட், நாற்காலி டிக்கெட் இருந்தாலும் எங்களுக்கு வாய்த்தது தரை டிக்கெட்டே. மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் அமர்வோம். பின்னால் இருப்பவர் மறைக்கிறது என்று சண்டைக்கு வருவார்.

பட இடைவேளை ஒன்றன்று, மூன்று, நான்கு! காரணம் எளியது. திரைப்படம் நொடிக்கு 24 சட்டங்கள் வீதம் ஓடுகிறது. ஆயிரம் அடிச் சுருள் சுமார் 11 நிமிடங்களில் தீர்ந்துவிடும். நகரத்து அரங்குகளில் இரண்டு புரொஜெக்டர்கள் மாறி மாறி இயங்கின. எங்கள் கொட்டகையிலோ ஒன்றே ஒன்று. சுருள்களை ஒட்டி நீளமாக்கினாலும் அவ்வப்போது நிறுத்தி மாற்றியே தீர வேண்டும். அந்த நேரமெல்லாம் முறுக்கும் சோடாவும் விற்பவர்களுக்கு நல்ல நேரம்.

ஒளி பிறந்த விதமும் விந்தையே. இரு கார்பன் குச்சிகளின் முனைகளைத் தொடவிட்டுச் சற்றே விலக்கினால், இடைவெளியில் மின்சாரம் பாய்ந்து கண்கூசும் ஒளி எழும். குச்சிகள் எரிந்து தேயத் தேய, ஆபரேட்டர் அவற்றை நெருக்கிக்கொண்டே இருப்பார். அவர் அயர்ந்தால் திரை இருளும். கொட்டகை விசிலால் அதிரும்.

அறுந்த பிலிம் துண்டுகளைப் பொறுக்கி வந்து, நாங்களும் படம் காட்டினோம். இருட்டறையின் துவாரம் வழியே கண்ணாடியால் வெயிலைச் செலுத்தி, ஃபியூஸ் போன பல்பில் நீர் நிரப்பி லென்ஸாக்கி, அப்பாவின் வேட்டியைத் திரையாக்குவோம். பிலிமைத் தலைகீழாகப் பிடித்தால்தான் உருவம் நேராக விழும் என்பதைப் பாடநூலுக்கு முன்பே கற்றோம்.

அதனினும் பெரிய பாடம் ஒன்று உண்டு. எங்களூர்த் தேநீர்க் கடையில் சிலருக்குத் தனிக் குவளை. கோவில் வாசலில் சிலருக்குத் தடை. ஆனால் தரை டிக்கெட் வாங்கிய எவரையும், 'நீ எந்தத் தெரு?' என்று மணல் கேட்கவில்லை. தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் கலைக்கூடம் திரையரங்கே என்றும், அங்கு இருக்கையைத் தீர்மானித்தது சாதிப்படி அன்று, வாங்கும் ஆற்றலே என்றும் ஈழத்துப் பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981-இல் எழுதினார். அதைப் படித்தபோது, எங்கள் கொட்டகையே என் கண்முன் நின்றது.

எனினும், அச்சமத்துவம் காசு கொடுத்துப் பெற்றது. மூன்று மணி நேரமே நிலைத்தது. காட்சி முடிந்ததும் அவரவர் தெருவுக்குப் பிரிந்தோம். மறுநாள் காலையில் தனிக் குவளை அப்படியே தொங்கியது. பக்கத்தில் அமர்வது வேறு, சமமாக வாழ்வது வேறு அல்லவா?

தொலைக்காட்சியும் நிலையான அரங்குகளும் பெருக, டூரிங் டாக்கீஸ்கள் மறைந்தன. கொட்டகை போனதற்காக நான் வருந்தவில்லை. அந்த மணல் தரையில் மூன்று மணி நேரம் இயன்றது, ஊரில் நாள் முழுதும் ஏன் இயலாது? இக்கேள்வியை இளைய தலைமுறையினர் கையில் எடுத்துக்கொள்வார்களாக!