மூடிய இலைக்குள் இருக்கும் புழுவைக் குளவி எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இலங்கையில் நல்லதண்ணி போன்ற மலையகத் தோட்டங்களில், தேயிலைச் செடியில் சில இலைகள் நூலால் ஒட்டிக் கிடக்கும். உள்ளே ஒளிந்து தின்பது ஹோமோனா அந்துப்பூச்சியின் புழு.

இதை அடக்க 1935–36இல் ஜாவாவிலிருந்து மேக்ரோசென்ட்ரஸ் ஹோமோனே என்ற சிறு குளவி இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. பெண் குளவி புழுவின் உடலுக்குள் முட்டையிடும். பொரிந்து வரும் குளவிப்புழு, தன்னைச் சுமக்கும் புழுவையே தின்று வளரும். தேயிலையில் புழுத்தொல்லை வெகுவாகத் தணிந்தது.

கண்ணுக்கு மறைந்த புழுவை இத்தகைய குளவிகள் எப்படி எட்டுகின்றன? வாசனையால்தான்! 1990இல் அமெரிக்காவில் டர்லிங்ஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் சோளப் பயிரில் இதைக் காட்டினர். புழு கடித்ததும் பச்சை இலை வாசம் எழும். புழுவின் எச்சில் காயத்தில் பட்டால், சில மணி நேரத்தில் டெர்பீன் என்னும் மணப்பொருள்களையும் செடி வெளியிடும். அந்த எச்சிலில் உள்ள தூண்டுபொருளான வொலிசிட்டின் 1997இல் அடையாளம் காணப்பட்டது.

செடியின் வாசனை குளவியைத் தூரத்திலிருந்து அழைக்கிறது. அருகே வந்ததும் புழுவின் எச்சம் துப்புக் கொடுக்கிறது. குளவி உணர்கொம்புகளால் தட்டித் தடவி இரையை உறுதிசெய்கிறது. ஒருமுறை புழு கிடைத்த இடத்தின் வாசனையை நினைவில் வைத்து, அடுத்த முறை அதையே தேடிப் போகும் குளவிகளும் உண்டு.

பின்னாளில் இலங்கையில் வேறொரு பூச்சிக்காகத் தேயிலைக்கு டீல்ட்ரின் என்ற பூச்சிக்கொல்லியை அடித்தபோது, ஜாவாவிலிருந்து வந்த அந்தக் குளவிகளும் மடிந்தன. ஹோமோனா புழு மீண்டும் பெருகியது.