கத்தியைப் பறிப்பது கடைசிப் பாடம்
தலைநகரில் தற்காப்புப் பயிற்சி: நல்ல ஆசானைக் கண்டறிவது எப்படி?

புது தில்லி: கத்தியுடன் பாய்பவனை வெறுங்கையால் மடக்கக் கற்றுத் தருவதாகக் கூறும் விளம்பரங்களுக்குத் தலைநகரில் பஞ்சமில்லை. கோடை விடுமுறை தொடங்கியதும் குடியிருப்புப் பகுதிகளின் பூங்காக்களிலும் சமுதாயக் கூடங்களிலும் தற்காப்பு வகுப்புகள் முளைக்கின்றன. அவற்றில் எது உயிர்காக்கும் பயிற்சி, எது வெறும் வித்தைக் காட்சி என்று பிரித்தறிவதுதான் கடினம். மகளை வகுப்பில் சேர்க்க விரும்பும் பெற்றோரும், விடுதிகளில் தங்கிப் படிக்கும், பணிபுரியும் பெண்களும் இந்தக் கேள்வியுடன்தான் ஆசானைத் தேடுகின்றனர்.

இந்தத் தேடலுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2016 செப்டம்பரில் வடக்கு தில்லியின் புராரியில், பின்தொடர்ந்து தொல்லை கொடுத்து வந்த ஒருவர் இளம்பெண்ணைப் பட்டப்பகலில் நடுவீதியில் குத்திக் கொன்றார். 2023 மே 28-ஆம் தேதி ஷாபாத் டெய்ரி பகுதியில் 16 வயதுச் சிறுமி பலமுறை கத்தியால் குத்தப்பட்டு உயிரிழந்தார். இரண்டிலும் தாக்கியவர் முன்பே தெரிந்தவர். வழிப்போக்கர்கள் பார்த்தும் விலகிச் சென்ற காட்சிகள் கண்காணிப்பு கேமராக்களில் பதிவாகி நாட்டையே அதிரச் செய்தன.

ஒன்றரை விநாடி

கத்தித் தாக்குதலில் தப்புவதற்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி போலீஸ் அதிகாரி டென்னிஸ் டியூலர் 1983-இல் எழுதிய கட்டுரை ஒன்று இதைக் கணக்கிட்டுக் காட்டியது. கத்தி ஏந்திய சராசரி உடல்திறன் கொண்ட ஒருவர் 21 அடி தொலைவை ஏறத்தாழ ஒன்றரை விநாடியில் கடந்துவிடுவார். உறையிலுள்ள துப்பாக்கியை எடுத்துச் சுடுவதற்குப் பயிற்சி பெற்ற காவலருக்கு ஆகும் நேரமும் ஏறக்குறைய அதுவே என்பது அவரது வாதம். துப்பாக்கி வைத்திருப்பவர் நிலையே இதுவென்றால், பத்து நாள் வகுப்புக்குச் சென்றவர் பாய்ந்து வரும் கத்தியைப் பறித்துவிடுவார் என்று உறுதி கூறுவது எவ்வளவு ஆபத்தானது என்பது விளங்கும்.

நமது மரபுக் கலைகளும் இதை உணர்ந்தே பாடங்களை வரிசைப்படுத்தியுள்ளன. கேரளத்தின் களரிப்பயிற்றில் முதலில் உடலைப் பழக்கும் மெய்த்தாரி; அடுத்து கம்பு ஏந்தும் கோல்த்தாரி; அதன்பின் வாள், கட்டாரி போன்ற உலோக ஆயுதங்களைக் கொண்ட அங்கத்தாரி. ஆயுதம் ஏந்தியவரை வெறுங்கையால் எதிர்கொள்ளும் 'வெறும்கை' முறை இவை அனைத்துக்கும் பிறகே கற்றுத் தரப்படுகிறது. பிலிப்பின்ஸ் நாடு 2009-இல் தேசிய விளையாட்டாக அறிவித்த ஆர்னிஸ் கலையில் மாணவர் தொடக்கத்திலேயே கம்பைக் கையில் எடுக்கிறார். தாக்குபவரின் கை எந்தக் கோணத்தில், எவ்வளவு விரைவில் வரும் என்பதை முதலில் உணர வைப்பதே அதன் முறை. பாதை வேறாயினும், கத்தியை அறியாமல் கத்தியிலிருந்து தப்ப இயலாது என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

எதைக் கவனிக்க வேண்டும்?

பயிற்சியில் சேருமுன் ஒரு வகுப்பையேனும் நேரில் அமர்ந்து பார்ப்பது நல்லது. மாணவர் தடுக்கும்வரை, தாக்குபவராக நடிப்பவர் ஒரே ஒரு முறை கையை நீட்டிவிட்டு அசையாமல் நின்றால் அந்தப் பயிற்சி பயன் தராது. உண்மையான தாக்குதலில் தாக்குபவர் பெரும்பாலும் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் அடுத்தடுத்துக் குத்துவார். கத்தியை நொடியில் பின்னிழுத்து மீண்டும் பாய்ச்சுவார்.

எளிய சோதனை ஒன்று உண்டு. ரப்பர் கத்தியின் முனையில் சாயம் தடவி, வெள்ளைச் சட்டை அணிந்து பயிற்சி செய்து பார்த்தால், தடுத்துவிட்டதாக எண்ணிய மாணவரின் சட்டையில் எத்தனை கறைகள் படிந்துள்ளன என்பது தெரிந்துவிடும். இச்சோதனைக்குத் தயங்காத ஆசானிடம் நம்பிக்கை வைக்கலாம். தொடக்க மாணவர்களிடம் உண்மையான கத்தியைக் கொடுப்பவரையும், கண்ணுக்குப் பாதுகாப்பின்றிப் பழக்குபவரையும் தவிர்ப்பதே நல்லது.

முதல் வகுப்புகளில் சொல்லித் தரப்படுவது என்ன என்பதும் முக்கியம். இடைவெளியைக் காத்தல், உரக்கக் குரல் எழுப்புதல், பையையோ நாற்காலியையோ இடையில் நிறுத்தித் தப்பி ஓடுதல், பணமும் செல்போனும் கேட்டு மிரட்டுபவரிடம் அவற்றைக் கொடுத்துவிடுதல், இரத்தம் பெருகும் இடத்தைத் துணியால் அழுத்திப் பிடித்தல் ஆகியவையே முதற்பாடங்களாக இருக்க வேண்டும். தப்ப வழியே இல்லாதபோது கத்தி ஏந்திய கையைக் கட்டுப்படுத்துவது அதற்குப் பின்னரே வரும்.

தனியார் தற்காப்பு ஆசான்களுக்கெனத் தனி உரிமமுறை நாட்டில் இல்லை. எனவே சான்றிதழை வழங்கியது யார் என்று அந்த அமைப்பிடமே கேட்டு உறுதி செய்வது பெற்றோரின் பொறுப்பாகிறது. இதில் அலட்சியம் காட்டினால் என்ன நேரும் என்பதைத் தமிழகம் அறியும். 2018 ஜூலையில் கோவை அருகே தனியார் கல்லூரி ஒன்றில் நடந்த பேரிடர் ஒத்திகையின்போது, பயிற்சியாளர் மாடியிலிருந்து தள்ளிவிட்டதில் மாணவி ஒருவர் உயிரிழந்தார். அந்த நபர் தங்களால் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியாளர் அல்லர் என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பின்னர் அறிவித்தது.

சட்டம் சொல்வது

தற்காப்புக்காகக் கைப்பையில் கத்தி வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்வியும் எழுகிறது. 2012 டிசம்பர் 16 தில்லி கொடுமைக்குப் பின், 2013 ஜனவரியில் மும்பையில் சிவசேனைக் கட்சியினர் பெண்களுக்குச் சிறு கத்திகளை வழங்கியது நினைவிருக்கலாம். ஆனால் தில்லியில் கவனம் தேவை. பட்டனை அழுத்தினால் விரியும் கத்திகளில், அலகு 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் அல்லது அதற்கு மேலும் உள்ளவை 1980 அக்டோபரில் வெளியான தில்லி நிர்வாகத்தின் அறிவிக்கையால் ஆயுதச் சட்டக் கட்டுப்பாட்டின் கீழ் கொண்டுவரப்பட்டன. அந்த அறிவிக்கையின் பேரில் தொடரப்பட்ட வழக்குகள் ஏராளம். சட்டம் ஒருபுறமிருக்க, பழக்கமில்லாதவர் கையிலுள்ள கத்தி எதிராளியின் கைக்குப் போய்விடும் அபாயமும் உண்டு.

அதேவேளையில், தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமையைச் சட்டம் தெளிவாக வழங்கியுள்ளது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சம்ஹிதையின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் இதைப் பற்றியவை. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ அஞ்ச நியாயமான காரணம் இருந்தால் தாக்குபவரின் உயிரிழப்புவரைகூட இவ்வுரிமை நீளும். ஆனால் தற்காப்புக்குத் தேவையான அளவை மீறக் கூடாது. ஆபத்து நீங்கியதும் உரிமையும் முடிந்துவிடும். ஆபத்தை எதிர்கொள்பவர் கோழையைப் போல் ஓட வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கவில்லை என 2010-இல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. தப்பி ஓடுவது சட்டக் கட்டாயமன்று. உயிர் காக்கும் உத்தி மட்டுமே. இந்த வேறுபாட்டை விளக்கத் தெரிந்தவரே நல்ல ஆசான்.

எங்கே கற்கலாம்?

பணம் செலவிடும் முன் அரசு அமைப்புகளை நாடலாம். தில்லி காவல் துறையின் பெண்கள், சிறார்களுக்கான சிறப்புப் பிரிவு, பெண்களுக்குக் கட்டணமின்றித் தற்காப்புப் பயிற்சி அளிக்கிறது. 2002 முதல் நடைபெற்று வரும் இத்திட்டத்தில் பெண் காவலர்கள் பள்ளி, கல்லூரிகளுக்கே சென்று கற்றுத் தருகின்றனர். கோடை முகாம்களும் நடத்தப்படுகின்றன. அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை பயிலும் மாணவிகளுக்கு, மத்திய அரசின் ராணி லட்சுமிபாய் தற்காப்புப் பயிற்சித் திட்டம் 3 மாதப் பயிற்சிக்கு நிதி வழங்குகிறது. சாவிக்கொத்து, துப்பட்டா, பேனா, பை முதலான அன்றாடப் பொருள்களையே தற்காப்புக்குப் பயன்படுத்துவது அதன் பாடங்களுள் ஒன்று.

இவ்வளவு கற்றாலும் ஒருவரால் தனியே எதிர்கொள்ளக் கூடிய ஆபத்தன்று கத்தி. புராரியிலும் ஷாபாத் டெய்ரியிலும் நடந்தவற்றைத் தடுக்கத் தவறியது அந்தப் பெண்களின் கைத்திறன் குறைவு அன்று. பின்தொடர்பவரைப் பற்றிய புகாரை முன்கூட்டியே காவல் நிலையத்தில் பதிவு செய்வதும், கண்ணெதிரே தாக்குதலைக் காண்பவர் கூச்சலிட்டு ஆள் திரட்டுவதும், உடனே 112 என்ற எண்ணை அழைப்பதும் தற்காப்பின் பகுதிகளே. தற்காப்பு வகுப்பில் பெண்களோடு அவர்களது சகோதரர்களும் அண்டை வீட்டாரும் சேர்ந்து அமர வேண்டிய பாடம் இது.