தாயின் உயிரணுவும் அந்நியமோ?

சிவகாசிச் சுற்றுவட்டார மக்களுக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். பட்டாசு ஆலை விபத்தில் உடல் வெந்தவருக்கு, மருத்துவர் அவருடைய தொடையிலிருந்தே தோலை எடுத்து ஒட்டுகிறார். 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த பெருவிபத்தை நம்மில் எவர் மறப்பார்? அத்தகைய வேளையில் பெற்ற தாயே தன் தோலைத் தந்தாலும், அது சில வாரங்கள் காயத்தைப் போர்த்தி நின்று, பின்னர் அழிந்துவிடும். ஏன்?

1943-ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரில் இக்கேள்வியை ஆராய்ந்தவர் பீட்டர் மெடாவர். தீக்காயமுற்ற ஒரு பெண்ணுக்கு அவளுடைய சகோதரனின் தோலை ஒட்டியபோது அது அழிந்தது. மறுமுறை ஒட்டியது இன்னும் விரைவாக அழிந்தது. அந்நியமானதை உடல் அடையாளம் கண்டு, நினைவிலும் வைத்துக்கொள்கிறது என்பது இதனால் புலனாயிற்று. நோய்க்கிருமிகளை விரட்டும் அதே காவற்படைதான் இதனையும் செய்கிறது.

சிறு வயதிலேயே வரும் முதல் வகை நீரிழிவில் இக்காவற்படை வழி தவறிவிடுகிறது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் லாங்கர்ஹான்ஸ் திட்டுகளில் உள்ள உயிரணுக்களைப் பகையென்று கருதி அழிக்கிறது. அதனால் அப்பிள்ளை நாள்தோறும் ஊசியை நம்பி வாழ நேரிடுகிறது. "என் உயிரணுக்களைக் கொடுத்தால் ஆகாதா?" என்று தாய் கேட்பது இயல்பே.

ஆனால் இங்கே தடை ஒன்றல்ல, இரண்டு. பிறருடைய உயிரணு என்பதால் எழும் எதிர்ப்பு முதலாவது. பழைய பகை மீண்டும் எழுவது இரண்டாவது. அமெரிக்காவின் மினசோட்டாவில், ஒரே உருவ இரட்டையரில் ஒருவரின் கணையப் பகுதியை மற்றவருக்குப் பொருத்தினர். அது அந்நியமன்று, ஆயினும் நீரிழிவு திரும்ப வந்தது!

கனடாவின் எட்மன்டனில், இறந்தோர் கொடையாக ஈந்த கணையங்களிலிருந்து திட்டுகளைப் பிரித்தெடுத்து, கல்லீரலுக்குச் செல்லும் இரத்தக்குழாய் வழியே செலுத்தினர். எழுவரும் ஊசியின்றி வாழ்ந்தனர் என்ற செய்தி 2000-இல் உலகை மகிழ்வித்தது. எனினும், அங்கே இச்சிகிச்சை பெற்றோருள் ஐந்தாண்டுகளுக்குப் பின்னும் ஊசியின்றி இருந்தவர் ஏறத்தாழப் பத்தில் ஒருவரே. மேலும், எதிர்ப்பை அடக்கும் மருந்துகள் தொற்றுநோய்க்கு வழி திறக்கும், சிறுநீரகத்தையும் வாட்டும். ஆகவேதான் பிள்ளைகளுக்கு இச்சிகிச்சையை எளிதில் பரிந்துரைப்பதில்லை.

நம்பிக்கை ஒளி இல்லாமல் இல்லை. சீனாவின் தியான்ஜினில் ஒரு பெண்ணின் சொந்த உயிரணுக்களிலிருந்தே திட்டுகளை உருவாக்கிப் பொருத்தினர். அவர் ஊசியிலிருந்து விடுபட்டார் என 2024-இல் அறிவித்தனர். ஆனால் கல்லீரல் மாற்றுச் சிகிச்சைக்காக அவர் முன்னரே எதிர்ப்படக்கும் மருந்து உட்கொண்டு வந்தவர். சுவீடனிலோ, காவற்படையின் கண்ணுக்குத் தப்புமாறு மரபணு திருத்திய உயிரணுக்களை ஒருவரின் முன்கையில் வைத்தனர். அம்மருந்துகள் இன்றியே அவை 12 வாரங்கள் உயிரோடிருந்தன என்று 2025-இல் செய்தி வந்தது. அளவு சிறிதாகையால் அவருக்கு ஊசி இன்னும் தேவைப்பட்டது.

பெற்றோரே! இச்செய்திகளைக் கேட்டோ, "நாட்டு மருந்தில் தீரும்" என்பாரின் பேச்சை நம்பியோ, பிள்ளையின் இன்சுலினை ஒருநாளும் நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் சில நாள்களிலேயே உயிருக்கு ஆபத்து நேரும். அரசு மருத்துவமனைகளில் அது இலவசமாகவே கிடைக்கிறது. தாயின் உயிரணு செய்ய இயலாததை, வேளை தவறாமல் ஊசி போடும் தாயின் கை இன்று செய்துகொண்டிருக்கிறது.