பூட்டிக் கிடந்த கொட்டில்

"உடைந்த வீட்டைத் திருத்துவதா, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதா?" போர் நடந்த பிரதேசங்களில் வாழும் நம் பெண்களுக்கு இது பழகிப்போன கேள்வி. வீடுகளைப் பார்வையிடப் போகும் என்னைப் போன்ற சமூகப் பணியாளர்களிடமும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். மேசன் ஒரு கணக்குச் சொல்வார். அலுவலகம் இன்னொரு கணக்குச் சொல்லும். மாமனார் வேறொன்று சொல்வார். அந்த வீட்டில் சமைத்து, உடுப்புத் தோய்த்து, பிள்ளை வளர்க்கப் போகும் பெண்ணிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை.

சமூகவியல் படித்த காலத்தில் எனக்கு அறிமுகமான ஒரு பெண்ணைப் பற்றி இம்முறை எழுத விரும்புகிறேன். இங்கிலாந்தில் விக்டோரியா மகாராணி ஆட்சி செய்த காலத்தில் வாழ்ந்தவர் அவர். பெயர் ஒக்டேவியா ஹில். பாழடைந்த வீடுகளையும் அவற்றுக்குரிய கொட்டிலையும் திருத்தி எடுத்து, சமூகப் பணி என்ற துறைக்கே வழிகாட்டியவர்களில் ஒருவரானார்.

சிறு வயதிலேயே உழைப்பு

ஒக்டேவியா 1838 ஆம் ஆண்டு விஸ்பெக் என்ற ஊரில் பிறந்தார். அவர் குழந்தையாக இருந்தபோதே தந்தையின் வியாபாரம் முறிந்தது. தந்தை மனநோய்க்கும் ஆளானார். தாயே தன் பெண்பிள்ளைகளை வளர்த்தெடுத்தார். பொதுச் சுகாதாரத்துக்காகப் பாடுபட்ட வைத்தியரான தாத்தா சவுத்வூட் ஸ்மித் அவர்களுக்குத் துணையாக இருந்தார். இன்றைய சொல்லில் கூறினால், அது ஒரு பெண் தலைமை தாங்கிய குடும்பம்.

பதினான்கு வயதளவிலேயே ஒக்டேவியா இலண்டனில் வேலை செய்யத் தொடங்கினார். பொம்மைகளுக்கான சிறு தளபாடங்கள் செய்யும் ஏழைப் பிள்ளைகளை மேற்பார்வை செய்வது அவர் பணி. அந்தப் பிள்ளைகள் எப்படிப்பட்ட அறைகளில் உறங்குகிறார்கள் என்பதை அப்போதே கண்டுகொண்டார்.

பெயரோ சொர்க்கம்

நல்ல வீடுகளை ஏழைகளுக்கு வாடகைக்குக் கொடுக்க வேண்டும் என்பது ஒக்டேவியாவின் ஆசை. கையில் காசில்லை. எழுத்தாளர் ஜோன் ரஸ்கினிடம் தன் எண்ணத்தைச் சொன்னார். தந்தை இறந்தபின் பெரும் சொத்துக்கு உரித்தாகியிருந்த ரஸ்கின், 1865 இல் இலண்டனின் மேரிலிபோன் பகுதியில் மூன்று வீடுகளின் குத்தகையை 750 பவுணுக்கு வாங்கி, நிர்வாகத்தை அவரிடம் ஒப்படைத்தார். போட்ட காசுக்கு ஆண்டுக்கு 5 வீதம் வருமானம் வரவேண்டும் என்பதே ஏற்பாடு.

அந்த ஒழுங்கையின் பெயர் 'பரடைஸ் பிளேஸ்', அதாவது சொர்க்கத் தலம். உள்ளே இருந்ததோ வேறு. சுவர்ப்பூச்சு கழன்று விழுந்துகொண்டிருந்தது. கூரை ஒழுக்குக்கு மாடிப்படியில் வாளி வைத்திருந்தார்கள். படிக்கட்டின் கைபிடிச் சட்டங்களை விறகில்லாத குடும்பங்கள் உடைத்து எரித்துவிட்டன. 192 யன்னல் கண்ணாடிகளில் உடையாதிருந்தவை 8 மாத்திரமே. வடிகால் அடைத்து, பின்முற்றத்தில் தண்ணீர் தேங்கி, சுவரில் ஈரம் ஏறியிருந்தது.

இவை எல்லாவற்றிலும் என் மனதைத் தொட்டது ஒரு சிறு விடயம். வீடுகளுக்குப் பொதுவாக உடுப்புத் தோய்க்கும் கொட்டில் ஒன்று இருந்தது. பழைய வீட்டுக்காரர் தன் தட்டுமுட்டுச் சாமான்களை அதில் அடைத்துப் பூட்டி வைத்திருந்தார். அதனால் பெண்கள் ஒற்றை அறைக்குள்ளேயே சமைத்து, சாப்பிட்டு, உடுப்பும் தோய்த்து, அந்த ஈரத்துக்குள்ளேயே பிள்ளைகளைப் படுக்க வைத்தார்கள். அவர்களது அன்றாட வாழ்வைப் பாதியாவது இலகுவாக்கக் கூடிய கட்டிடம் சில அடி தூரத்தில் பூட்டிக் கிடந்தது. அதன் சாவி அங்கே உடுப்புத் தோய்க்காத ஒருவரிடம் இருந்தது.

எதை முதலில் செய்தார்?

ஒக்டேவியா வெளிப்பூச்சில் தொடங்கவில்லை. வடிகாலைச் சரிசெய்தார். பெரிய தண்ணீர்த் தாங்கி ஒன்றைப் பொருத்தினார். கொட்டிலில் கிடந்த சாமான்களை அகற்றி, ஒவ்வொரு குடும்பத்துக்கும் நாள் குறித்து முறைப்படி திறந்துவிட்டார். கூரை, சுவர்ப்பூச்சு, மரவேலை ஆகியவற்றைத் திருத்தினார். புதிய அடுப்புகளும் யன்னல் கண்ணாடிகளும் போட்டார். முற்றத்துக்கும் நடைபாதைக்கும் கல் பதித்தார்.

அறைகளை ஒரே நாளில் திருத்த முயலவில்லை. ஓர் அறை காலியானதும் அதைத் துப்புரவாக்கி, நன்றாகப் பேணும் குடும்பத்தை அங்கே மாற்றினார். அவர்கள் விட்டுவந்த அறையை அடுத்துத் திருத்தினார். இப்படி ஒவ்வோர் அறையாக வெள்ளையடிக்கப்பட்டது. பிள்ளைகள் கூடிய குடும்பங்கள் இரண்டு அறைகள் எடுக்கும்படி ஆலோசனை கூறி, அதற்கு வாடகையையும் குறைத்தார்.

மிச்சக் காசு யாருக்கு?

அவரது கணக்கு முறை இன்றும் கவனிக்கத்தக்கது. திருத்த வேலைக்கென ஒவ்வொரு வீட்டுக்கும் ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்கினார். அதில் மிச்சம் வந்தால், குடியிருப்பவர்கள் தாங்களே விரும்பிக் கேட்கும் வசதிக்கு அது செலவாகும். ஆகவே ஒரு கண்ணாடியைக் காப்பாற்றினால் அந்தக் காசு தங்களுக்கே திரும்பி வரும் என்பது எல்லோருக்கும் விளங்கியது. வேலை குறைந்த காலத்தில் திருத்த வேலைகளை அங்கேயே குடியிருந்த ஆண்களுக்குக் கொடுத்தார். நடைவழிகளைக் கழுவும் வேலையை வளர்ந்த பெண்பிள்ளைகளுக்குக் கொடுத்துக் கூலியும் வழங்கினார். பெண்பிள்ளைகள் செய்யும் துப்புரவு வேலைக்குக் கூலி உண்டு என்று 1860களில் ஒருவர் நினைத்தது சிறிய காரியமல்ல.

ரஸ்கினுக்குரிய 5 வீதமும் தவறாமல் கிடைத்தது. அதைக் கண்டு வேறு பலரும் தம் வீடுகளை அவரிடம் ஒப்படைத்தனர். 1874 அளவில் 15 குடியிருப்புத் திட்டங்களில் ஏறத்தாழ 3000 பேர் அவரது பராமரிப்பில் இருந்தனர். வாரந்தோறும் வாடகை சேர்க்கப் போனவர்கள் பெண்களே. வாடகை வாங்கும்போதே கூரையையும் குழாயையும் பார்த்து, சுகதுக்கம் விசாரித்து வருவார்கள். வீட்டுத் தரிசிப்பு என்று நாங்கள் இன்று செய்யும் வேலையின் வேர்களில் ஒன்று அங்கேதான் இருக்கிறது.

ஏற்க முடியாதவையும் உண்டு

நல்லதை மட்டும் சொல்லி முடிப்பது நியாயமாகாது. வாடகை கொடுக்காதவர்களையும், தன் பார்வையில் ஒழுக்கம் கெட்டவர்களையும் ஒக்டேவியா வெளியேற்றினார். அரசாங்கமே ஏழைகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பதை அவர் எதிர்த்தார். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டாம் என்றும் வாதிட்டார். இவற்றை என்னால் ஏற்க முடியவில்லை. கணவர் காணாமல் ஆக்கப்பட்டு, கூலிவேலையில் பிள்ளைகளைக் காக்கும் பெண் ஒரு மாதத் தவணையைத் தவறவிட்டால், அதை அவளது பொறுப்பின்மை என்று எழுத என் பேனா மறுக்கிறது. ஒருவரிடம் கற்பதற்கு அவர் சொன்ன எல்லாவற்றையும் ஏற்க வேண்டியதில்லை.

கொட்டிலும் வரலாறுதான்

ஒக்டேவியா 1912 இல் காலமானார். பரடைஸ் பிளேஸ் இன்று 'கார்பட் பிளேஸ்' எனப்படுகிறது. அங்குள்ள ஒரு வீட்டில் 1991 இல் அவரது நினைவாக நீல வட்டப் பலகை பதிக்கப்பட்டது. 1895 இல் அவர் வேறு இருவருடன் சேர்ந்து 'நஷனல் டிரஸ்ட்' என்ற அமைப்பையும் தொடங்கினார். இங்கிலாந்தின் மரபுச் சொத்துகளைப் பாதுகாக்கும் பெரிய நிறுவனம் அது.

அந்த நிறுவனம் 2004 இல் பேர்மிங்ஹாம் நகரில் திறந்து வைத்தது ஓர் அரண்மனையை அல்ல. முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டப்பட்ட தொழிலாளர் வீடுகளையே அங்கு திருத்திக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். நடுமுற்றத்தில் எல்லோருக்கும் பொதுவாக இருந்த உடுப்புத் தோய்க்கும் கொட்டிலையும் மலசலகூடங்களையும் கூடப் பழையபடி பேணுகிறார்கள். பெண்கள் வாளி சுமந்து, உடுப்புக் கசக்கிய இடமும் வரலாற்றுக்குரியது என்பதை இதன்மூலம் ஏற்றுக்கொண்டுள்ளார்கள்.

நாம் கேட்க வேண்டியவை

நம் நாட்டில் போருக்குப் பின் வந்த இந்திய வீட்டுத்திட்டத்தில் புதிய வீட்டுக்கு 550,000 ரூபாவும், திருத்த வேலைக்கு 250,000 ரூபாவும் தவணை முறையில் வழங்கப்பட்டன. வேலையை வீட்டுக்குரியவர்களே முன்னின்று செய்ய வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. அப்படி முன்னின்ற பெண்கள் பலரை நான் அறிவேன். சீமெந்துப் பை எண்ணவும் மேசனோடு கணக்குப் பேசவும் அவர்கள் கற்றுக்கொண்டார்கள். ஆயினும் பல இடங்களில் காசு நான்கு சுவரோடு முடிந்துவிட்டது. குசினி ஓலைக் கொட்டிலாகவே நின்றது. கிணற்றடிக்கு மறைப்பு வரவில்லை.

ஆகவே சகோதரிகளே, உங்கள் வீட்டைத் திருத்த எவராவது மதிப்பீட்டுத் தாளோடு வந்தால், கையெழுத்திடுமுன் சில கேள்விகளைக் கேளுங்கள். தண்ணீர் எங்கிருந்து வரும்? கழிவுநீர் எங்கே போகும்? கூரை ஒழுக்கு முதலில் அடைபடுமா? குசினியும் கிணற்றடியும் மலசலகூடமும் இந்தக் கணக்கில் உண்டா? காசு மிஞ்சினால் எதற்குச் செலவாகும், அதை யார் தீர்மானிப்பது? பதில்களை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். வாசிக்கத் தெரியாத அயல்வீட்டு அம்மாவுக்கும் அதை வாசித்துக் காட்டுங்கள்.